கூம்புக் கருவிழிக்கு அளவெடுக்கப் போகிறவர்களுக்கு

கண்ணின் முன்பக்கத்தில் உள்ள தெளிந்த படலமான கருவிழி (கார்னியா) மெலிந்து கூம்பாகத் துருத்தும் நோய்தான் கூம்புக் கருவிழி, மருத்துவப் பெயர் கெரட்டோகோனஸ். அதற்கு அளவெடுக்க நீடாமங்கலத்திலிருந்து தஞ்சாவூருக்கும் திருச்சிக்குமாகப் பதினான்கு மாதங்களில் ஐந்து முறை போய்வந்தேன். வீடு வந்து சேர்ந்தவை, கருவி அச்சிட்டுத் தந்த நான்கு வண்ணத் தாள்கள். அவற்றுள் ஒன்றோடு ஒன்றை வைத்து ஒப்பிடத் தகுந்தவை இரண்டே. முதல் தாள் முந்தின இரவு வரை கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்த கண்ணில் எடுத்தது. இரண்டாம் பயணத்தில் பாப்பா (கண்ணின் நடுவே தெரியும் கறுப்பு வட்டம்) விரியும் சொட்டு மருந்தை முதலிலேயே விட்டுவிட்டதால் தாளே இல்லை. நான்காம் தாள் வேறு மருத்துவமனையில், வேறு கருவியில் எடுத்தது. ஒழுங்காக எடுத்த இரண்டு அளவுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் மருத்துவரால் என் வலக்கண்ணில் கூம்பு முன்னேறுகிறது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. இதை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் பல மாதங்கள் மிச்சமாகியிருக்கும். கெரட்டோகோனஸ் இருக்கலாம் என்று உங்களுக்கோ உங்கள் பிள்ளைக்கோ சொல்லியிருந்தால், கிளம்புமுன் இதைப் படியுங்கள்.

1. எதை அளக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கண்ணின் மொத்த ஒளிவிலக்கும் திறன் ஏறத்தாழ 60 டையாப்டர் (ஒளியை வளைக்கும் திறனுக்கான அலகு). அதில் மூன்றில் இரண்டு பங்கு கருவிழியின் வேலை. ஆகவே கருவிழி மெலிந்து, பெரும்பாலும் கீழ்ப்பாதியில், கூம்பாகத் துருத்தும்போது பார்வை மங்குவதோடு நிற்பதில்லை, பிம்பமே கோணலாகிறது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாலும் எழுத்துக்கு நிழல் எழுத்து ஒன்று கூடவே தெரிவதும், இரவில் திருவாரூர்ச் சாலையில் எதிரே வரும் லாரியின் விளக்குக்கு வால் முளைத்ததுபோல் தெரிவதும் இதனால்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்ணாடிச் சீட்டில் சிலிண்டர் பவர் (வளைவின் கோணலைச் சரிசெய்யும் பவர்) ஏறிக்கொண்டும், அதன் சாய்வைக் குறிக்கும் ஆக்ஸிஸ் மாறிக்கொண்டும் இருந்தால், கண்ணாடிக் கடையை மாற்றுவதில் பயனில்லை.

அளவுகள் மூன்று வகைப்படும். மூன்றையும் பொதுவாக ‘ஸ்கேன்’ என்றே சொல்லிவிடுவதால் குழப்பம் வருகிறது.

முதலாவது டோபோகிராபி. வட்ட வட்டமான ஒளி வளையங்களைக் கருவிழிமீது விழச் செய்து, அவற்றின் பிம்பத்தைப் படமெடுப்பார்கள். தேய்த்து வைத்த பித்தளைச் செம்பில் சன்னல் கம்பிகள் வளைந்து தெரிவதைப் பார்த்திருப்பீர்கள், அதே தத்துவம்தான். வளைவு கூடிய இடத்தில் வளையங்கள் நெருங்கும், தட்டையான இடத்தில் விலகும். இது கருவிழியின் முன்பரப்பை மட்டுமே காட்டும்.

இரண்டாவது டோமோகிராபி. கீற்றான ஒளியும் சுழலும் கேமராவும் கொண்ட கருவி, ஏறக்குறைய இரண்டு விநாடிகளில் கருவிழியைப் பல குறுக்குவெட்டுகளாகப் படமெடுத்து, முன்பரப்பு, பின்பரப்பு, ஒவ்வொரு புள்ளியிலும் உள்ள தடிமன் ஆகிய அனைத்தையும் கணக்கிடும். பென்டகாம் என்ற பெயர் நம் பக்கத்தில் அதிகம் அடிபடுவது இந்த வகையில். நோய் பல நேரங்களில் பின்பரப்பில்தான் முதலில் தெரியும் என்பதால், ஆரம்ப நிலையைக் கண்டறிய இது வேண்டும்.

மூன்றாவது அபெரோமெட்ரி, அதாவது ஒளிப்பிறழ்ச்சியை அளப்பது. கண்ணுக்குள் மெல்லிய ஒளிக்கற்றையைச் செலுத்தி, அது திரும்பி வெளியே வரும்போது எந்த அளவுக்குச் சிதைந்திருக்கிறது என்று நூற்றுக்கணக்கான நுண்லென்ஸுகளின் வழியே பார்ப்பார்கள். கண்ணாடியால் சரிசெய்யக்கூடிய பவரும் சிலிண்டரும் ‘கீழ்நிலைப் பிறழ்ச்சிகள்’. கண்ணாடிக்கு அடங்காத மிச்சமெல்லாம் ‘மேல்நிலைப் பிறழ்ச்சிகள்’. கூம்புக் கருவிழியில் அவற்றுள் ஓங்கி நிற்பது கோமா. நான் சொன்ன லாரி விளக்கின் வால் அதுதான். கண்ணாடி போட்டும் தெளியாத பார்வைக்குக் காரணம் கேட்கும் வீட்டாரிடம் காட்ட, இந்த ஒற்றை எண்ணைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். டோமோகிராபிக் கருவியே, தான் அளந்த பரப்புகளிலிருந்து கருவிழியின் பிறழ்ச்சியைக் கணக்கிட்டுத் தந்துவிடும். அபெரோமீட்டர் தருவதோ கண் முழுவதன் பிறழ்ச்சி. உள்ளிருக்கும் லென்ஸின் பங்கும் அதில் சேர்ந்திருக்கும். இரண்டு எண்களும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. நோய் முற்றிய கண்ணில் அபெரோமீட்டரின் ஒளிப்புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, கருவி ‘அளக்க முடியவில்லை’ என்று கைவிரித்துவிடுவதும் உண்டு. அப்போது கருவிழிக் கணக்குத்தான் துணை.

2. தொலைபேசியில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்

டெல்டாவின் சிறு நகரங்களில் நல்ல கண் மருத்துவர்கள் இருக்கிறார்கள். சந்தேகத்தை எழுப்புவது பெரும்பாலும் அவர்கள்தான். கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பார்க்கும் ரெட்டினோஸ்கோப்பில் ஒளி கத்தரிக்கோல் அசைவதுபோல் தெரிந்தாலே அவர்களுக்குப் புரிந்துவிடும். ஆனால் டோமோகிராபிக் கருவி விலையுயர்ந்தது. எல்லா ஊரிலும் இருக்காது. கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ மயிலாடுதுறையிலோ இருப்பவர், தஞ்சாவூர் அல்லது திருச்சிக்குப் போக வேண்டியிருக்கும் என்று எண்ணிக்கொண்டே விசாரிக்கத் தொடங்கலாம்.

‘ஸ்கேன் இருக்கிறதா?’ என்று கேட்காதீர்கள். எல்லோரும் இருக்கிறது என்பார்கள். கருவிழியின் பின்பரப்பையும் தடிமனையும் காட்டும் கருவியா, அதன் பெயர் என்ன, இன்று வேலை செய்கிறதா, மேல்நிலைப் பிறழ்ச்சித் தாளையும் அச்சிட்டுத் தருவார்களா, கருவிழி நிபுணர் எந்தெந்தக் கிழமை வருகிறார், ஸ்கேன் அறை எத்தனை மணிக்கு மூடும் என்று கேளுங்கள். கருவி பழுது என்ற பதிலை வரவேற்பு மேசையில் கேட்பதற்கும் வீட்டில் இருந்தபடி கேட்பதற்கும் ஒரு நாள் சம்பளம் வித்தியாசம்.

எங்கே போவதென்று முடிவுசெய்யும்போது, அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்குத் திரும்பத் திரும்பப் போக முடிகிற இடமா என்று பாருங்கள். வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒரே கண்ணுக்கு வெவ்வேறு எண்களைத் தரும். அவற்றைக் கழித்துப் பார்த்து ‘ஏறிவிட்டது’ என்று பதறுவதில் பொருளில்லை. சென்னையில் ஒருமுறை எடுத்துவிட்டு, அடுத்ததைத் தஞ்சாவூரில் எடுப்பதாக இருந்தால், தஞ்சாவூரில் எடுப்பதையே உங்கள் முதல் அளவாகக் கொள்ள வேண்டியிருக்கும்.

3. லென்ஸைக் கழற்றும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்

கான்டாக்ட் லென்ஸ் கருவிழியை அழுத்தித் தன் வடிவத்துக்குப் பழக்கிவிடும். கழற்றிய உடனே அளந்தால், லென்ஸ் பதித்த வடிவம்தான் தாளில் வரும். மென்லென்ஸ் என்றால் ஒன்று முதல் இரண்டு வாரம், கடின லென்ஸ் என்றால் இரண்டு முதல் நான்கு வாரம் போடாமல் இருக்கச் சொல்வது வழக்கம். உங்கள் மருத்துவர் சொல்லும் கணக்கே உங்களுக்குப் பொருந்தும்.

நான் வழுக்கிய இடம் இது. பேசி நாள் குறித்துக்கொடுத்த பெண் லென்ஸைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கடின லென்ஸ் இல்லாமல் இருக்கும் அந்த வாரங்களில் வண்டி ஓட்டுவதும் கணினி பார்ப்பதும் பெரும்பாடு. எனவே கல்லூரித் தேர்வு, அறுவடை, வீட்டில் கல்யாணம் ஆகியவற்றுக்கு இடையில் நாள் பார்க்க வேண்டும். இரண்டு கண்ணையும் ஒன்றாகக் கழற்ற முடியாதென்றால், ஒரு பயணத்துக்கு ஒரு கண் என்று அளக்கலாமா என மருத்துவரைக் கேளுங்கள்; செலவு கூடும், வேலை கெடாது.

இன்னொன்று, குறுவை அறுவடைக் காலத்தில் நெல் சுணை பறக்கும், கண் அரிக்கும், கை தானாகக் கண்ணுக்குப் போகும். கண்ணைக் கசக்குவது இந்த நோயோடு நெருங்கிய தொடர்புடையது என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட செய்தி. ஒவ்வாமை இருக்கிறது என்றால் அதற்கான சொட்டு மருந்தை முதலில் கேட்டு வாங்குங்கள். அளவெடுக்கும் வாரத்தில் மட்டுமல்ல, எப்போதும் கசக்கக் கூடாது.

4. கையில் என்னென்ன இருக்க வேண்டும்

பழைய கண்ணாடிச் சீட்டுகள் அத்தனையும் வேண்டும். மூன்றாண்டுச் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கினால் சிலிண்டர் ஏறிய கதை அதிலேயே தெரியும். கடையில் பவரைச் சொல்லிக் கண்ணாடி மட்டும் வாங்கிவந்திருந்தால், அந்தப் பழைய கண்ணாடியையே எடுத்துப் போங்கள். அதன் பவரைக் கருவியில் அளந்துகொள்வார்கள். லென்ஸ் போடுபவர் அதன் பெட்டியையோ அளவுச் சீட்டையோ எடுத்துச் செல்ல வேண்டும். விடுகிற சொட்டு மருந்துகளைப் பெயர் சொல்ல நினைவிருக்காது, குப்பியையே பையில் போடுங்கள். முன்பு எடுத்த ஸ்கேன் இருந்தால் வண்ணத்தில் வேண்டும். கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் சிவப்பும் நீலமும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும்.

ஆதார் அட்டையை நான் வலியுறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. நம் பெயரின் தலைப்பெழுத்து ஓரிடத்தில் முன்னால் நிற்கும், ஓரிடத்தில் பின்னால் நிற்கும், ஓரிடத்தில் அப்பாவின் பெயராக விரியும். கருவி உங்கள் பழைய அளவைத் தேடி எடுப்பது பெயர், பிறந்த தேதி, மருத்துவமனை எண் ஆகியவற்றைக் கொண்டுதான். எழுத்து ஒன்று மாறினாலும் நீங்கள் அதற்குப் புது ஆள். அப்புறம் பழைய அளவையும் புதிய அளவையும் ஒரே தாளில் ஒப்பிட்டு அச்சிடும் வசதி கிடைக்காது. எனக்கு இந்தக் குளறுபடியைத் திருத்தவே முக்கால் மணிநேரம் ஆனது. ஆதாரில் உள்ளபடியே ஒரு எழுத்து வடிவத்தை முடிவுசெய்து, எல்லா முறையும் அதையே கொடுங்கள். மருத்துவமனை எண்ணை அலைபேசியில் பதிந்துவையுங்கள்.

5. செலவு

நான் திருச்சியில் கட்டியதைச் சொல்கிறேன்: பதிவும் மருத்துவர் கட்டணமும் சேர்த்து 350 ரூபாய், இரண்டு கண்ணுக்கும் டோமோகிராபி 1,800 ரூபாய், பிறழ்ச்சித் தாளுக்குத் தனியாக எதுவும் வாங்கவில்லை. இன்னொரு மருத்துவமனையில் அதே பிறழ்ச்சிக்குத் தனிக் கட்டணம் 600 ரூபாய் கேட்டார்கள். இடத்துக்கு இடம் மாறும். ‘ஒரு கண்ணுக்கா, இரண்டுக்குமா?’ என்பதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பயணம், சாப்பாடு, துணைக்கு வருபவரின் ஒரு நாள் கூலி என்று பார்த்தால், ஸ்கேனுக்கு இணையான தொகை அதிலும் போகும்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பம் என்றால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையை எடுத்துச் செல்லுங்கள். அட்டை இல்லாதவர் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டும். புறநோயாளியாக எடுக்கும் ஸ்கேனுக்கு அது பயன்படும் என்று எண்ணிக் காசில்லாமல் கிளம்பிவிடாதீர்கள். பின்னால் சிகிச்சை என்று வரும்போது கைகொடுக்கலாம் என்பதால்தான் இப்போதே வாங்கிவைக்கச் சொல்கிறேன். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவில் முதலில் ஓ.பி. சீட்டுப் போட்டுப் பார்த்து, அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் பெற்றுச் செல்வதும் நல்ல வழி.

6. அன்று காலையில்

இருசக்கர வண்டியில் போகாதீர்கள். பேருந்திலும் சன்னலோரம் வேண்டாம். காற்றில் கண் உலர்ந்தால் கருவிழிமீதுள்ள கண்ணீர்ப் படலம் திட்டுத்திட்டாக உடையும். கருவி அந்தத் திட்டுகளையும் பிறழ்ச்சி என்றே எண்ணிக்கொள்ளும். கண்ணில் மை, களிம்பு எதுவும் கூடாது. போய்ச் சேர்ந்து அரைமணி நேரமாவது மின்விசிறிக்கு நேராக அல்லாமல் உட்கார்ந்திருந்துவிட்டு அளவுக்குப் போங்கள். அந்த அரைமணியில் அலைபேசியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் இமைப்பது குறையும், கண் மறுபடி உலரும்.

துணைக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும். மாலையில் பாப்பாவை விரிக்கும் சொட்டு விட்டுவிட்டால், வெயில் கூசும்; ரயில் பெட்டி எண்கூடப் படிக்க முடியாது.

7. சோதனைகளின் வரிசையை விட்டுக்கொடுக்காதீர்கள்

பெரிய மருத்துவமனைகளில் கூட்டத்தைக் கரைக்க ஒரு வழி வைத்திருப்பார்கள்: கம்ப்யூட்டர் டெஸ்ட், எழுத்துப் பலகை, கண் அழுத்தம், உடனே சொட்டு மருந்து, அப்புறம் மருத்துவர். மற்றவர்களுக்கு அது சரி. நமக்குச் சரியல்ல. கண் அழுத்தம் பார்க்கக் கருவிழியை மரத்துப்போகச் செய்து தொட்டு அளப்பதுண்டு. அது மேற்பரப்பைக் கலைக்கும். சொட்டு மருந்து பாப்பாவை விரித்துவிட்டால், முழுக் கண்ணின் பிறழ்ச்சி அளவு வேறாகிவிடும். ஆகவே, பவர் பரிசோதனை முடிந்ததும் டோபோகிராபி, டோமோகிராபி, அபெரோமெட்ரி, அவற்றுக்குப் பிறகே அழுத்தம், கடைசியில்தான் சொட்டு.

வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது செவிலியர் குப்பியோடு வந்து தலையை நிமிர்த்தச் சொல்வார். ‘சிஸ்டர், எனக்குக் கருவிழி ஸ்கேன் இன்னும் எடுக்கவில்லை, எடுத்த பிறகு விடுங்கள்’ என்று சொல்லத் தயங்க வேண்டாம். நான் தயங்கியதால்தான் ஒரு முழுநாள் வீணாகி, ‘இன்று எடுக்க முடியாது, வேறு நாள் வாருங்கள்’ என்ற பதிலோடு நீடாமங்கலம் திரும்பினேன்.

8. கருவியின் முன்னால்

மோவாயைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டி, உள்ளே தெரியும் ஒளிப்புள்ளியைப் பார்க்க வேண்டும். இரண்டு முறை நன்றாக இமைத்துவிட்டு, சொன்னதும் அகலத் திறந்து அசையாமல் இருங்கள். புள்ளி உங்களுக்குக் கலங்கலாகவோ இரண்டாகவோ தெரிந்தால் அதைச் சொல்லிவிட்டு, அதன் நடுவைப் பாருங்கள். மேல் இமை தொங்கிக் கருவிழியை மறைத்தால் இயக்குபவர் விரலால் தூக்கிப் பிடிப்பார். விழியின்மேல் விரல் அழுந்துகிறது என்று உணர்ந்தால் உடனே சொல்லுங்கள், அந்த அழுத்தமே வடிவத்தை மாற்றும்.

ஒவ்வொரு கண்ணுக்கும் இரண்டு அல்லது மூன்று முறை எடுக்கும்படி பணிவாகக் கேளுங்கள். கூம்பு கூடிய கண்ணில் அடுத்தடுத்து எடுத்த இரண்டு அளவுகளே ஒத்துப்போகாது. அன்றைய அளவுகளுக்குள்ளேயே எவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்று தெரிந்தால்தான், ஆறு மாதம் கழித்து வரும் வேறுபாடு உண்மையானதா என்று மருத்துவர் எடைபோட முடியும்.

9. தாளைச் சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள்

முதலில் பெயர், தேதி, வலது இடது. அடுத்து, தரக் குறிப்பு: படம் சரியாக விழுந்திருந்தால் ‘ஓகே’ என்று இருக்கும், மஞ்சளிலோ சிவப்பிலோ எச்சரிக்கை இருந்தால் அங்கேயே மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

பிறகு நான்கு எண்களைத் தனித் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கே மேக்ஸ் என்பது முன்பரப்பின் மிகச் செங்குத்தான புள்ளி. சராசரிக் கருவிழியின் வளைவு 43, 44 டையாப்டரை ஒட்டி இருக்கும், கூம்பில் அது ஐம்பதையும் அறுபதையும் தாண்டலாம். அடுத்தது மிக மெல்லிய இடத்தின் தடிமன். சராசரிக் கருவிழி நடுவில் ஏறத்தாழ 540 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) இருக்கும். கருவிழியை உறுதியாக்கி நோய் முன்னேறுவதைத் தடுக்கும் குறுக்குப் பிணைப்புச் (கிராஸ்லிங்கிங்) சிகிச்சையின் வழக்கமான முறைக்கு, மேல்தோலை நீக்கிய பிறகு 400 மைக்ரானாவது வேண்டும் என்பதால், இந்த எண் குறையும்வரை காத்திருப்பதில் ஆபத்து உண்டு. மூன்றாவது கோமா, நான்காவது, மேல்நிலைப் பிறழ்ச்சிகளின் மொத்தத்தைக் காட்டும் ஆர்.எம்.எஸ். மதிப்பு. இவை இரண்டும் மைக்ரானில் இருக்கும்.

பிறழ்ச்சி எண்ணுக்குப் பக்கத்தில் எத்தனை மில்லிமீட்டர் விட்டத்துக்குக் கணக்கிட்டார்கள் என்றும் எழுதாவிட்டால் அந்த எண்ணால் பயனில்லை. ஒரே கண், ஒரே நிமிடம்: 4 மில்லிமீட்டருக்குச் சிறிதாகத் தெரியும் கோமா, 6 மில்லிமீட்டருக்குப் பல மடங்காகிவிடும். பகலில் சமாளிக்கிறவர் இரவில் தடுமாறுவதும் இதே காரணத்தால்தான். இருட்டில் பாப்பா விரிகிறது.

வண்ணங்களைக் கண்டு அஞ்ச வேண்டாம்; மகிழவும் வேண்டாம். ஒரு வண்ணத்துக்கும் அடுத்த வண்ணத்துக்கும் எத்தனை டையாப்டர் இடைவெளி என்பதை இயக்குபவர் மாற்றி வைக்கலாம். இடைவெளி சிறிதானால் நல்ல கண்ணும் செக்கச் செவேல் என்றிருக்கும். பெரிதானால் நோயுற்ற கண்ணும் பச்சையாகத் தோன்றும். ஓரத்திலுள்ள அளவுகோல் இரண்டு தாள்களிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

வண்ண அச்சு ஒன்றும், பி.டி.எஃப். கோப்பு ஒன்றும் கேட்டு வாங்குங்கள். ‘ஃபைல் எங்களிடம் இருக்கும்’ என்ற சொல்லை நம்பித் திரும்ப வேண்டாம்.

10. இரண்டாவது அளவு

இளவயதில் நோய் வேகமாக நகரக்கூடும் என்பதால், பதின்ம வயதினரை மூன்று மாதத்திலேயே வரச்சொல்வதுண்டு. பெரியவர்களுக்கு ஆறு மாதம், நிலைத்த பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. தேதியை மருத்துவர் குறிப்பார். நீங்கள் பார்க்க வேண்டியது, அதே கருவி, அதே பெயர், அதே எண்ணிக்கையிலான லென்ஸ் இல்லாத நாட்கள், இயன்றால் அதே முற்பகல் நேரம்.

முன்பரப்பு செங்குத்தாவது, பின்பரப்பு செங்குத்தாவது, தடிமன் குறைவது ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு தொடர்ந்து மாறினால்தான் முன்னேற்றம் என்று கொள்ள வேண்டும் என்பது 2015இல் பன்னாட்டுக் கருவிழி நிபுணர்கள் கூடி வகுத்த வரையறை. எனவே கே மேக்ஸ் மட்டும் அரை டையாப்டர் ஏறியதைப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். மாறாக, எண்கள் நகராவிட்டாலும் பார்வை மாறுகிறது என்றால், குறித்த தேதிக்குக் காத்திராமல் போங்கள். குறுக்குப் பிணைப்புச் செய்துகொண்டவர்களுக்கு முதல் சில வாரங்களில் அளவுகள் முன்னைவிட மோசமாகத் தெரிவது இயல்பு. அந்தத் தாளை வைத்துச் சிகிச்சை தோற்றது என்று முடிவுகட்டக் கூடாது.

கடின லென்ஸோ, விழியின் வெள்ளைப் பகுதியில் அமரும் பெரிய ஸ்கிளீரல் லென்ஸோ பொருத்தும் கட்டத்தில், லென்ஸ் போட்ட நிலையிலேயே ஒருமுறை அபெரோமெட்ரி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவில் தேங்கும் நீர், முன்பரப்பின் மேடுபள்ளத்தை நிரப்பிவிடுவதால் கோமா வெகுவாக இறங்கியிருக்கும். முழுவதும் இறங்காது, பின்பரப்பின் கோணல் அப்படியேதான் இருக்கும். லென்ஸ் போட்டும் மிச்சமிருக்கும் மெல்லிய நிழலுக்கு இதுவே காரணம் என்று அறிந்த பிறகு, லென்ஸை மாற்றித் தரும்படி கடையில் சண்டை போடுவதை நான் நிறுத்தினேன்.

கூடப் பிறந்தவர்களையும் ஒருமுறை அளந்துவிடுங்கள். குடும்பத்தில் தொடரக்கூடிய நோய் இது. என் தங்கைக்குப் பார்வையில் குறையேதும் இல்லை. ஐந்தாம் பயணத்தில் அவளையும் அழைத்துப் போனேன். இடக்கண்ணின் பின்பரப்பில் சிறு மேடு ஒன்று இருப்பதாகவும், ஆறு மாதம் கழித்து அதே கருவியில் பார்க்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். அவள் பெயரை ஆதாரில் உள்ளபடியே கொடுத்திருக்கிறேன்.